பழைய சிலைப் படங்கள் சொல்லும் சங்கதி

இக்காலத்தில் கொஞ்சம் பணமும் கொஞ்சம் படிப்பும் சேர்ந்துவிட்ட வீடுகளில் ஒரு புது நாகரிகம் பரவி வருகிறது. அதாவது, இருநூறு வருஷங்களுக்கு முன் வெள்ளைக்காரர்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த நம் நாட்டுக் கோயில், சிலை, மண்டபம் முதலியவைகளின் படங்களைத் தேடிப் பிடித்து, விலை கொடுத்து வாங்கி, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டுவதாகும். இதற்காகப் பழைய பெரிய புஸ்தகங்களைத் தாள் தாளாகக் கிழித்து, தாளுக்கு ஒரு விலை வைத்து விற்கிற வியாபாரமே நடக்கிறது.

படம் மாட்டுவதைப் பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. சினிமாக்காரர் படத்தையும் சாமியார் படத்தையும் மாட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்றுகூடச் சொல்லுவோம். ஆனால் அந்தப் படத்தைக் காட்டி வீட்டுக்காரர் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. "பார்த்தீர்களா! வெள்ளைக்காரனே நம் தெய்வங்களைக் கண்டு பிரமித்துப் போய்ப் படம் எழுதிக்கொண்டு போயிருக்கிறான். நம் சமயத்தின் மகிமை அப்பேர்ப்பட்டது" என்கிறார். கூட இருப்பவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள்.

படம் எழுதியவன் பிரமித்தது உண்மைதான். எதைக் கண்டு பிரமித்தான்? சாமியைக் கண்டா, சிற்பியின் கைவேலையைக் கண்டா? "கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்று நம் ஜனங்கள் சொல்வார்கள். கோயிலில் நிற்கிறவனுக்குச் சாமி தெரிகிறது, கல் தெரிவதில்லை. அந்தப் படத்திலோ கல் தெரிகிறது, உளி பட்ட இடம் தெரிகிறது, சாமியை மட்டும் காணோம். அதுமாத்திரமல்ல. ஸ்தல புராணக்காரர் சொல்லும் கதைகளுக்கு எதிராக அந்தப் படங்கள் சாட்சி சொல்லுகின்றன. பக்தர்கள் தங்களுக்கு விரோதமான சாட்சியைத் தாங்களே காசு கொடுத்து வாங்கித் தங்கள் வீட்டுச் சுவரிலேயே மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

படத்தின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

முதலில் இந்தப் படம் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகக் கீறுவது ஒருவகை. தகட்டின்மேல் மெழுகு பூசி, அதில் கீறி, திராவகத்தில் நனைத்து, கீறின இடத்தை மட்டும் அரிக்கவிடுவது இன்னொருவகை. பிசின் பொடியைத் தூவி அரிக்கவிட்டால் வர்ணம் பூசினாற்போல நிழல் கிடைக்கும். பிறகு பள்ளங்களில் மையை நிரப்பி, மேலே துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்தினால் படம் தாளில் ஏறிவிடும். கெட்டி மரக்கட்டையில் செதுக்குகிற முறையும் உண்டு. எதுவானாலும் மந்திரமில்லை, தந்திரமில்லை. எல்லாம் உளியும் கையும் கண்ணும்தான்.

இந்தப் படங்களின் அடியில் பொடி எழுத்தாகச் சில வார்த்தைகள் இருக்கும். படம் வாங்கினவர்களில் பலர் அதைப் படித்துப் பார்ப்பதே இல்லை. இடது பக்கத்தில் இன்னார் வரைந்தார் என்றும், வலது பக்கத்தில் இன்னார் செதுக்கினார் என்றும் லத்தீன் பாஷையில் போட்டிருக்கும். நடுவில் வெளியிட்டவர் பெயரும், ஊரும், தேதியும் இருக்கும். இங்கிலாந்தில் 1735-இல் ஒரு சட்டமே செய்தார்கள். தகட்டில் உரிமையாளரின் பெயரும் வெளியிட்ட தேதியும் இருந்தால் அந்தப் படத்தைப் பிறர் திருடி அச்சடிக்கக் கூடாது என்பது அதன் சாராம்சம். கைவேலை செய்கிறவனின் உழைப்பை இன்னொருவன் கொள்ளையடிக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட சட்டம் அது.

இனி அந்தப் படத்திலுள்ள தூணைப் பாருங்கள். அதைச் செதுக்கினவன் பெயர் எங்கே? யானையை உயிரோடு நிறுத்தினாற்போல் நிறுத்தியவன், கல்லிலே சங்கிலி கோத்தவன் பெயர் எங்கே? அரசன் பெயர் இருக்கிறது. நிலம் விட்டவன் பெயர் இருக்கிறது. விளக்குக்கு ஆடு விட்டவன் பெயர்கூட இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்று ஒரு பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இப்பேர்ப்பட்ட பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாமே! ஆயிரக்கணக்கான கோயில்களில், லட்சக்கணக்கான சிலைகளில், செய்தவன் இன்னானென்று தெரியாது. கேட்டால் "தேவதச்சன் செய்தான்", "விசுவகர்மா ஓரிரவில் செய்தான்", "பூதங்கள் கட்டின" என்கிறார்கள். படத்தை நகலெடுத்தவனுக்குப் பெயர் இருக்கிறது, அசலைச் செய்தவனுக்குப் பெயர் இல்லை. இதைவிட அநியாயம் வேறென்ன வேண்டும்?

ரோமாபுரியில் சாமிகள் என்ன ஆனார்கள்?

இப்படிச் சிலைகளைச் செப்பில் செதுக்கி ஊரெல்லாம் பரப்பும் வழக்கம் முதலில் ஐரோப்பாவில்தான் ஏற்பட்டது. கிரேக்கரும் ரோமரும் ஒரு காலத்தில் நம்மைப்போலவே முப்பத்துமுக்கோடி வைத்துக்கொண்டிருந்தவர்கள்தான். இடிக்கு ஒரு சாமி, கடலுக்கு ஒரு சாமி, காமத்துக்கு ஒரு சாமி, சாராயத்துக்கு ஒரு சாமி! அவைகளுக்கெல்லாம் கோயிலும் பூசாரியும் பலியும் திருவிழாவும் இருந்தன. பின்னால் ஜனங்கள் அந்தச் சாமிகளை விட்டுவிட்டு வேறு மதம் தேடிக்கொண்டார்கள். அந்த மதத்தின் யோக்கியதை வேறு சங்கதி. பழைய சிலைகள் மண்ணுக்குள் போயின.

1506-இல் ரோமாபுரியில் ஒரு திராட்சைத் தோட்டத்தைத் தோண்டியபோது லாவோகூன் என்ற சிலை அகப்பட்டது. இந்த லாவோகூன் கதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இவன் ட்ராய் நகரத்துப் பூசாரி. பகைவர் விட்டுப்போன மரக்குதிரையை நம்பாதீர்கள், அதில் மோசம் இருக்கிறது என்று தன் ஊராருக்கு உண்மையைச் சொன்னான். அதற்காகக் கடவுள் பாம்புகளை ஏவி அவனையும் அவன் பிள்ளைகள் இருவரையும் கொன்றுவிட்டதாகக் கதை. பொய் சொன்ன பூசாரிகள் எல்லோரும் சௌக்கியமாக வாழ, உண்மை சொன்ன ஒரு பூசாரியைக் கடவுளே கொன்றார் என்றால் அக்கடவுளின் யோக்கியதையை நாம் சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. அந்தச் சிலை அகப்பட்டபோது பூசாரிக்கு ஒரு கை இல்லை. கை இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகம் செய்து, மேலே நீட்டிய கை ஒன்றை ஒட்ட வைத்தார்கள். அச்சுப் படங்களில் பல நீட்டிய கையோடு தேசமெங்கும் பரவின. நானூறு வருஷங்கள் கழித்து 1906-இல் ஒரு கல் கை அகப்பட்டது. அது மடங்கிய கை. சோதித்துப் பார்த்ததில் அதுதான் அசல் கை என்று தெரிந்து, 1950-களின் கடைசியில் பழைய கையை எடுத்துவிட்டு மடங்கிய கையையே பொருத்தினார்கள். நானூறு வருஷ வழக்கமாயிற்றே, பெரியோர் ஒட்டிய கையாயிற்றே, ஆகம விரோதமாயிற்றே என்று யாரும் கூச்சல் போடவில்லை. தப்பு என்று தெரிந்தது, திருத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சாமியாக இருந்தவரையில் கிட்ட நெருங்கி விசாரிக்க முடியாது. கலையானபிறகு எல்லோரும் நெருங்கலாம், அளக்கலாம், தப்பையும் சொல்லலாம். அப்போலோவுக்குப் பூசை நின்றதனால் சூரியன் உதிக்காமலிருக்கவில்லை. கடல் சாமிக்குப் பலி நின்றதனால் கப்பல் ஓடாமலிருக்கவில்லை. சிலைகளின் அழகும் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை.

வெள்ளைக்காரன் படமும் பொய் சொல்லும்

இப்படிச் சொல்வதால், வெள்ளைக்காரன் அச்சடித்ததெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். நமக்கு ஆரிய வேதமும் வேண்டாம், வெள்ளைக்கார வேதமும் வேண்டாம்.

1515-இல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஒரு யாத்திரைப் புஸ்தகம் அச்சாயிற்று. வர்த்தேமா என்ற இத்தாலியர் கள்ளிக்கோட்டைக்கு வந்து போய் எழுதியது. அதில் கள்ளிக்கோட்டைச் சாமி என்று ஒரு மரக்கட்டைப் படம் இருக்கிறது. கொம்பும் கோரப்பல்லும் நகமுமாக, மனிதரைத் தின்கிற பேயாக எழுதியிருக்கிறார்கள். படம் செதுக்கியவர் இந்தியாவுக்கு வந்தவரே அல்ல. தன் ஊர்ப் பாதிரி சொன்ன பிசாசை நம் ஊர்ச் சாமியின் பெயரில் செதுக்கிவிட்டார். காணாததைக் கண்டதாகச் செதுக்கின இவருக்கும், காணாத கைலாசத்தைக் கண்டதாகப் பாடின புராணிகருக்கும் என்ன வித்தியாசம்? ஒருவர் பயமுறுத்தினார், ஒருவர் ஆசை காட்டினார். இருவரும் கண்ணால் பார்க்கவில்லை.

பம்பாய்க்குப் பக்கத்தில் எலிபெண்டா தீவுக் குகைகளுக்கு 1764-இல் நீபூர் என்பவர் போனார். டென்மார்க் அரசர் அனுப்பிய ஆராய்ச்சிக் கூட்டத்தில் மற்றவர்களெல்லாம் வழியில் செத்துப்போக, உயிரோடு ஊர் திரும்பினவர் இவர் ஒருவரே. சாதாரணக் குடியானவர் வீட்டில் பிறந்து நில அளவை கற்றவர். குகையை அளந்தார், தூணை எண்ணினார், சிலைகளை உள்ளபடி வரைந்து அச்சிட்டார். அவர் படத்தில் கொம்பு முளைத்த பேய் இல்லை. அவருக்கு முந்தினவர்களுக்குக் கிடைக்காத புத்தி இவருக்கு எங்கிருந்து வந்தது? கையில் ஒரு அளவுகோல் இருந்தது, அவ்வளவே. "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் பாட்டிமார் சொல்லிவைத்தது. அளவுகோல்தான் அந்தத் தீர விசாரிப்பு.

வளருகிற நந்தி வளரவில்லை

இனி நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். தாமஸ் டேனியல் என்பவரும், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்பவரும் 1786-இல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். தாமஸ் ஒரு சத்திரக்காரர் மகன். குதிரைவண்டிக்கு வர்ணம் தீட்டும் தொழில் பழகியவர். இவர்கள் 1792-இல் தென்னாடு முழுவதும் சுற்றி, இருட்டுப் பெட்டி என்ற கருவியில் விழும் பிம்பத்தைப் பார்த்து அளவு பிசகாமல் வரைந்துகொண்டு போனார்கள். இலண்டனுக்குத் திரும்பி 1795 முதல் 1808 வரையில் 144 படங்களாக வெளியிட்டார்கள். இன்று கூடங்களில் தொங்கும் படங்களில் பல, இவர்கள் புஸ்தகத்திலிருந்து கிழித்தவையே.

அவைகளில் ஒன்று தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நந்தி. 1800 வாக்கில் அச்சானது. இந்த நந்தியைப் பற்றி நம் ஜனங்களுக்குள் வழங்கும் கதை எல்லோருக்கும் தெரியும். நந்தி வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே வந்ததாம். விட்டால் மண்டபத்தை இடித்துவிடும் என்று முதுகில் ஓர் ஆணி அறைந்தார்களாம். உள்ளிருந்து தேரை வந்ததாம். அதோடு வளர்ச்சி நின்றதாம். சில ஊர்களில் இன்னும் வளர்கிறது என்றே சொல்லுகிறார்கள்.

இப்போது அந்தப் படத்தைப் பாருங்கள். இருநூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னும் நந்தி மண்டபத்துக்குள்ளேதான் படுத்திருக்கிறது. இன்றைக்கும் அதே மண்டபத்துக்குள்ளேதான் படுத்திருக்கிறது. சுமார் 12 அடி உயரமுள்ள ஒரே கல். ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாலும், எத்தனை எண்ணெய்க் காப்பு, எத்தனை பிரதோஷம் கண்டது, இந்நேரம் மண்டபத்தின் கூரை எங்கே போயிருக்க வேண்டும்? "ஆணி அறைந்த பிறகு எழுதிய படம் அது" என்று பக்தர் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார். சரி, ஆணி அறைந்தது எந்த வருஷம்? அறைந்தவன் யார்? அதற்கு முன் எத்தனை அடி இருந்தது? அளந்தவன் யார்? பதில் கிடையாது. கதைக்குத் தேதி இல்லை, படத்துக்குத் தேதி இருக்கிறது.

இன்னொன்று. அந்த நந்தியை இராஜராஜன் வைத்ததாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் மண்டபமும் நாயக்கர் காலத்தவை என்பது ஆராய்ச்சிக்காரர் முடிவு. கோயில் கட்டி முடிந்தது 1010-இல். நந்திக்கும் கோயிலுக்கும் ஐந்நூறு வருஷங்களுக்கு மேலாகவே வித்தியாசம் இருக்கிறது. இதனால் சிற்பத்துக்கு என்ன குறை வந்துவிட்டது? ஒன்றுமில்லை. "கைலாசத்து நந்தி" என்கிற பேச்சுக்குத்தான் குறை.

பேரூரில் துப்பாக்கி

நம் கொங்கு நாட்டுக்கு மிகவும் பக்கத்துச் சங்கதி ஒன்றிருக்கிறது. இதைத் தாராபுரம், பல்லடம், உடுமலை, காங்கேயம் பக்கத்துத் தோழர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயமுத்தூருக்கு மேற்கே நொய்யலாற்றங்கரையில் பேரூர்க் கோயில் இருக்கிறது. கொங்கு நாட்டில் பெரிய ஸ்தலம். காமதேனு பூசித்ததாம், கன்றின் குளம்பு பட்ட தழும்பு லிங்கத்தின்மேல் இருக்கிறதாம். இவை போதாவென்று ஐந்து அதிசயங்கள் வேறே! இறவாத பனை, பிறவாத புளி, புழுக்காத சாணம், ஆற்றில் போட்ட எலும்பு கல்லாவது, சாகிறவர்களின் வலது காது மேலே இருப்பது. சாணத்தைப் புழுக்க வைப்பதையும் புழுக்காமல் வைப்பதையும் கடவுளின் பெரிய வேலையாக வைத்திருக்கிறார்களே, இதுவா தெய்வ கடாட்சம்? பனை சாகாமலிருப்பதால் பனையேறிக்கு என்ன லாபம்? புளி முளைக்காமலிருப்பதால் எந்த ஏழை வீட்டுக் குழம்புக்குப் புளி கிடைத்தது?

இந்தக் கோயிலின் கனகசபை மண்டபத்துத் தூண்களில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட சிலைகள் நிற்கின்றன. யானைத் தோலை உரித்துப் போர்த்திய சிவன், வீரபத்திரன், காளி, ஒரு காலைத் தலைக்குமேல் தூக்கியாடும் கூத்தன். விரல் நகமும், தோளின் திரட்சியும், மேற்கூரையில் தொங்கும் கல் சங்கிலியும் பார்க்கப் பார்க்க அலுக்காதவை. எப்படித்தான் செதுக்கினார்களோ என்று நாமும் வாய்பிளந்து நிற்க வேண்டியதுதான்.

பெர்கூசன் என்பவர் 1876-இல் இந்தியக் கட்டடங்களைப் பற்றி ஒரு பெரிய புஸ்தகம் எழுதினார். மரக்கட்டையில் செதுக்கிய படங்கள் நிறைய உள்ள புஸ்தகம். அவர் எந்தச் சர்வகலாசாலையிலும் சிற்பம் படித்துப் பட்டம் வாங்கினவர் அல்ல. கல்கத்தாவில் அவுரி வியாபாரம் செய்து, சம்பாதித்த பணத்தில் ஊரூராய்ச் சுற்றி, தானே பார்த்துத் தானே கற்றவர். அவர் புஸ்தகத்தில் நம் பேரூர் மண்டபமும் இருக்கிறது. அந்த மண்டபத்தின் வயசு என்ன என்பதைக் கண்டுபிடிக்க அவர் ஜாதகமும் பார்க்கவில்லை, ஸ்தல புராணமும் கேட்கவில்லை. குனிந்து தூணின் அடியைப் பார்த்தார். அங்கே ஒரு சிப்பாய் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டிருக்கும் சிற்பம் இருந்ததாக எழுதுகிறார். அவன் உடுப்பும் துப்பாக்கியின் வடிவமும் அவுரங்கசீப், மராட்டியர் காலத்துச் சண்டைப் படங்களில் உள்ளவை போலவே இருப்பதால் மண்டபம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது என்று முடிவு கட்டினார்.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி என்கிற வார்த்தையே துருக்கி பாஷையிலிருந்து வந்தது. போர்த்துகீசியர் 1498-இல் கள்ளிக்கோட்டைக் கரையில் கால் வைத்ததற்குப் பிறகுதான் அது நம் பக்கத்தில் பெருகியது. கனகசபையைக் கட்டினது மதுரைத் திருமலை நாயக்கரின் தம்பி அழகாத்திரி நாயக்கர், அதாவது 17-ஆம் நூற்றாண்டு என்று கோயில் வரலாறு சொல்லுவோர் சொல்லுகிறார்கள். பெர்கூசன் கொஞ்சம் பின்னால் தள்ளுகிறார். இரண்டுக்கும் இடையிலுள்ள தகராறு ஐம்பது அறுபது வருஷம். அதை ஆராய்ச்சிக்காரர் தீர்த்துக்கொள்ளட்டும். யுகக் கணக்குக்கு இதில் இடமே இல்லை. மண்டபத்தில் நிற்கும் சாமிகளெல்லாம் துப்பாக்கிக்கு இளையவர்கள், அல்லது கூடப்பிறந்தவர்கள்!

கோயிலின் உள்பகுதி இதைவிடப் பழையது, சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு என்று சொல்லலாம். உண்டு, நாம் மறுக்கவில்லை. அதுவும் மனிதன் கட்டினதாக, மனிதன் தேதி போட்டதாகத்தானே இருக்கிறது? காமதேனு கையெழுத்துப் போட்ட கல்வெட்டு ஏதாவது உண்டா? பேரூர்ப் புராணத்தைப் பாடின கச்சியப்ப முனிவரும் 18-ஆம் நூற்றாண்டுக்காரரே. பெர்கூசன் கணக்குப்படி பார்த்தால் துப்பாக்கி செதுக்கின அதே நூற்றாண்டு! சிற்பி தன் காலத்தில் கண்ட துப்பாக்கியை உள்ளபடி செதுக்கினான். புலவர் தன் காலத்தில் காணாத காமதேனுவைக் கண்டாற்போல் பாடினார். இந்த இருவரில் எவனை நாம் நம்புவது? சிற்பியை நம்புவோம் என்று நாம் சொன்னால் நம்மைக் கலை விரோதி என்கிறார்கள்.

பெர்கூசன் சொன்னதெல்லாம் சரியென்றும் நாம் சொல்லவில்லை. இந்தியர்கள் கல்லில் கட்டவே கிரேக்கரிடம்தான் கற்றார்கள் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. வங்காளத்து ராஜேந்திரலால் மித்ரா அதை எதிர்த்து எழுதினார். பெர்கூசன் 1884-இல் அவரைத் திட்டி ஒரு புஸ்தகமே போட்டார். வெள்ளைத்தோல் கர்வம்! நமக்கு வேண்டியது அவருடைய கர்வம் அல்ல, அவர் குனிந்து பார்த்த பார்வை.

செய்தவன் தொடக்கூடாது

நம் தாராபுரத்திலிருந்து திருப்பூர் வழியாக அவிநாசி ரோட்டில் போனால் திருமுருகன்பூண்டி வருகிறது. வழியில் இரண்டு பக்கமும் சிற்பிகளின் பட்டறைகள். வெயிலில் கல் தூசியைச் சுவாசித்துக்கொண்டு நாளெல்லாம் உளி பிடிக்கிறார்கள். அம்மி கொத்துகிறவனும் உளிதான் பிடிக்கிறான், சாமி கொத்துகிறவனும் உளிதான் பிடிக்கிறான். பட்டறையில் இருக்கிற வரையில் அந்தச் சிலையின்மேல் சிற்பி காலை வைத்துக்கொண்டு மூக்கைச் செதுக்குகிறான். சாமி கோபித்துக்கொள்வதில்லை. கண் திறக்கிறவனும் அவனே. கும்பாபிஷேகம் ஆனதோ இல்லையோ, கண் திறந்தவனே கருவறைக்கு வெளியே நிற்க வேண்டும், தொட்டால் தீட்டு! பிள்ளையைப் பெற்றவளே பிள்ளையைத் தொடக்கூடாது என்று எந்தக் காட்டுமிராண்டி நாட்டிலாவது சட்டம் உண்டா?

சிற்பிக்கு இந்தக் கதி என்றால், கல்லை மலையிலிருந்து உடைத்தவன், வண்டியில் ஏற்றியவன், சாரம் கட்டி மேலே தூக்கியவன் ஆகியோர் கதி என்ன? அவர்களில் பெரும்பாலோர் கோபுர வாசலையும் தாண்டக்கூடாதவர்களாக வைக்கப்பட்டிருந்தார்கள். மதுரைக் கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8-இல். சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். டேனியல் படம் இலண்டனில் அச்சாகி ஏறத்தாழ நூற்றைம்பது வருஷங்கள் ஆனபின்! ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த துரைசானி, நாற்காலியில் உட்கார்ந்தபடி தஞ்சாவூர் நந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லை இழுத்தவனின் பேரனுக்குப் பேரன் தெருவில் நின்று கோபுரத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான். "நம் சமயத்தின் மகிமை" என்று படத்தைக் காட்டிப் பேசுகிற கனவான்கள் இந்தக் கணக்கையும் படத்தின் அடியில் எழுதி மாட்டுவார்களா?

எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று தமிழ்நாட்டில் 1970-இல் சட்டம் செய்தும், பயிற்சி பெற்ற பல சாதியாரை நியமிப்பதற்கு 2021 ஆகஸ்ட் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கும் கோர்ட்டு, வழக்கு, ஆகமம், கூச்சல்! கல் மனிதனைத் தள்ளிவைக்கவில்லை. கல்லின் பேரால் மனிதன் மனிதனைத் தள்ளிவைக்கிறான்.

சாமியைக் காப்பாற்றினது யார்?

"நாஸ்திகர்களுக்குச் சிலையின்மேல் என்ன அக்கறை? உங்களை விட்டால் உடைத்துத்தானே போடுவீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். சிலைகளுக்கு இதுவரையில் கெடுதி செய்தவர் யார் என்று கணக்குப் பார்ப்போமா?

திருப்பணி என்ற பெயரால் பழைய சிற்பங்களின்மேல் மணலை வீசிச் சுரண்டி முகத்தை மழுக்கினது யார்? நாயக்கர் காலத்துத் தூணுக்குப் பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்டு அடித்தது யார்? வெண்ணெய் உருண்டையை விட்டெறிந்தும், விபூதியைக் கொட்டியும், எண்ணெயை ஊற்றியும் உளி வேலை தெரியாதபடி அழுக்கேற்றுவது யார்? எல்லாம் ஆஸ்திகச் சிகாமணிகளே. அந்தச் சிற்பம் முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இன்று மாட்டுக்கறி தின்கிற மிலேச்சன் என்று அவர்கள் ஏசினவனுடைய படத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இன்னும் கேளுங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து சோழர் காலத்து நடராசர் விக்கிரகம் திருட்டுப் போயிற்று. கப்பலேறிக் கடல் தாண்டிய நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கி வைத்துக்கொண்டது. முப்புரத்தையும் சிரித்தே எரித்ததாகச் சொல்லப்படுகிறவர், ஒரு திருடன் கையைக்கூட எரிக்கவில்லை. பிறகு 2014-இல் அவர் திரும்பி வந்தார். எப்படி? சூலத்தாலா, மந்திரத்தாலா? புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் முன்பு ஊர் ஊராய்ப் போய் எடுத்து வைத்திருந்த நிழற்படங்களில் ஒன்று அடையாளம் காட்டிக்கொடுத்தது. செப்புத்தகட்டுப் படத்தின் பேரப்பிள்ளைதான் நிழற்படம். படம் சாமியைக் காப்பாற்றிற்றே ஒழிய, சாமி தன்னையே காப்பாற்றிக்கொள்ளவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதது உன்னைக் காப்பாற்றும் என்று நம்பி உண்டியலில் காசு போடச் சொல்லுகிறார்களே, இதுவல்லவோ பகல் கொள்ளை!

செய்ய வேண்டியது என்ன?

நாம் சிலைகளை உடைக்கச் சொல்லவில்லை, பூட்டி வைக்கவும் சொல்லவில்லை. மூன்று காரியங்களைச் சொல்லுகிறோம்.

ஒன்று, ஒவ்வொரு கோயிலிலும் எந்தப் பகுதியை எவன் காலத்தில் கட்டினது, அதற்கு ஆதாரம் என்ன என்பதைத் தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதிப் பலகை வைக்க வேண்டும். காமதேனு கதைக்குச் சுவர் முழுவதும் வர்ணம் தீட்ட இடமிருக்கிறது, தேதிக்கு ஒரு முழம் பலகை வைக்க இடமில்லையா?

இரண்டு, பழைய படங்கள் பணக்காரர் கூடத்தோடு நின்றுவிடக் கூடாது. அவைகளின் நகல்களை நம் ஊர் வாசகசாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் மாட்டவேண்டும். அடியிலுள்ள தேதியையும் பெயரையும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்ல வேண்டும். வரைந்தவன் இன்னான், செதுக்கினவன் இன்னான், வெளியிட்டது இன்ன வருஷம் என்று கேட்டுப் பழகின பிள்ளை, நாளைக்கு எந்தக் கதையைக் கேட்டாலும் "சொன்னது யார், எப்போது, பார்த்தது யார்?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் புராணிகர்கள் இத்தனை ஆயிரம் பாட்டுப் பாடி வைத்திருக்கிறார்கள்.

மூன்று, இன்று உளி பிடிக்கிறவன் பெயரைச் சிலையின் பீடத்தில் வெட்ட வேண்டும். பணம் கொடுத்த உபயதாரர் பெயரை டியூப்லைட்டில்கூட எழுதி, வெளிச்சத்தையே மறைத்து வைக்கிறார்களே, வேலை செய்தவன் பெயருக்கு மட்டும் ஆகமம் குறுக்கே வந்து நிற்பானேன்?

பேரூருக்குப் போகிற தோழர்கள் நேரே கருவறைக்கு ஓடிக் கூட்டத்தில் இடிபட வேண்டாம். கனகசபையில் நின்று நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். சாமி முகத்தைப் பார்த்தது போதும், தூணின் அடியைக் குனிந்து பாருங்கள். சாமி முகத்தில் புராணம் இருக்கிறது. தூணின் அடியில் சரித்திரம் இருக்கிறது. அங்கே சிப்பாயைக் கண்டீர்களானால், பக்கத்தில் நிற்கும் குருக்களிடம் மரியாதையாகவே ஒன்று கேளுங்கள்: "ஐயா, இந்தத் துப்பாக்கி எந்த யுகத்தைச் சேர்ந்தது?"